சிரிக்க வராத பார்வையாளன்: 'கொமெடியன்ஸ்' நாடகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கலைகள் யாவற்றினும் நகைச்சுவையே மிக விரைவாகத் தீர்ப்புக்குள்ளாவது எனலாம். கவிதையொன்றின் தகுதியைக் குறித்து ஆண்டுக்கணக்கில் வாதிட முடியும். முதனாள் அரங்கிலே தோல்வியுற்ற நாடகம் பிறிதொரு தலைமுறையிலே புத்துயிர் பெறுதலும் உண்டு. ஆனால் மேடையிலே தனித்து நின்று பகிடி சொல்பவனுக்கு அத்தகைய கால அவகாசம் எதுவுமில்லை. வாக்கியம் முடிந்த கணத்திலே சிரிப்பு எழுகிறது, அல்லது எழவில்லை. மேன்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு அது.

எனினும் அத்தீர்ப்பை வழங்குவோர் யார் என்ற வினா போதிய அளவு கவனிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. வள்ளுவர் அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தமை நாம் அறிந்ததே. அங்கு அவை எனப்படுவது கேட்க வந்தோரின் கூட்டம். இன்றைய கேளிக்கைத் தொழிலிலோ அவையினுள்ளே இன்னொரு அவை அமர்ந்திருக்கிறது. முகவர்கள், தயாரிப்பாளர்கள், தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஆள் தேடுவோர் ஆகிய இவர்கள் சிரிக்க வந்தவர்களல்லர், வாங்க வந்தவர்கள். இவர்கள் முன்னிலையிலே 'ஸ்டாண்ட்-அப்' எனப்படும் தனியாள் நகைச்சுவையை நிகழ்த்துபவன் அனுபவிக்கும் நெருக்குதலை மேடைக்கூச்சம், மனப்பதற்றம் என்று உளவியற் பெயர்களால் அழைத்து அமைவதே வழக்கம். அது ஓர் உற்பத்தி உறவின் நெருக்குதல் என்பதும், அந்நெருக்குதல் கலைஞனின் நரம்புகளோடு நின்றுவிடாது பகிடியின் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் ஊடுருவுகிறது என்பதும் நமது கருத்தாகும்.

இதனை நிறுவுவதற்கு இரண்டு சான்றுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஆங்கில நாடகாசிரியர் ட்ரெவர் கிரிபித்ஸ் (1935-2024) எழுதி, 1975 பெப்ரவரியிலே நொட்டிங்ஹாம் பிளேஹவுஸ் அரங்கில் றிச்சர்ட் அயரின் நெறியாள்கையிலே முதன்முதல் மேடையேறிய 'கொமெடியன்ஸ்' என்னும் நாடகம். மற்றையது, நான்கு ஆண்டுகளின் பின்னர், 1979 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே நகைச்சுவையாளர் நடத்திய வேலைநிறுத்தம். நாடகம் எழுப்பிய வினாவை வரலாறு வேறோர் இடத்திலே, வேறொரு வகையிலே எதிர்கொண்டது. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதே பிரச்சினையின் முழுவடிவம் தெளிவாகின்றது.

2

பிரித்தானியத் தொழிலாள வர்க்கத்தின் பொழுதுபோக்கு வரலாற்றிலே 'மியூசிக் ஹோல்' எனப்பட்ட இசைமண்டபங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சிறப்பிடம் பெற்றிருந்தன. இரண்டாம் உலகப் போரின் பின்னர், குறிப்பாகத் தொலைக்காட்சி பரவியதோடு, அவை அருகிப்போயின. வட இங்கிலாந்திலே நகைச்சுவையாளருக்கு எஞ்சியிருந்த பிரதான மேடை தொழிலாளர் கழகங்களே. இக்கழகங்களின் ஒன்றியம் 1862 இல் நிறுவப்பெற்றது. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் துறைமுகங்களிலும் உழைத்தோர் தமது சந்தாவினால் நடத்திய இடங்கள் இவை. பியரும் பிங்கோவும் பாட்டும் பகிடியும் கலந்த அந்த மாலைப்பொழுதுகளில் சொல்பவனும் கேட்பவனும் பெரும்பாலும் ஒரே தெருவினர், ஒரே வாழ்க்கையினர்.

1971 இலே மன்செஸ்டரைத் தளமாகக் கொண்ட கிரனாடா தொலைக்காட்சி, கழக நகைச்சுவையாளரை ஒன்றுதிரட்டி 'த கொமெடியன்ஸ்' என்ற தொடரை ஆரம்பித்தது. பேர்னாட் மன்னிங், பிராங்க் கார்சன் முதலியோர் இதன்மூலம் நாடறிந்தவராயினர். இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, ஒரு கழகத்தின் மாலைப்பொழுது அதன்பின் வெறும் மாலைப்பொழுதாக இருக்கவில்லை. அது பெரும் சந்தைக்கான வாசலாயிற்று. இரண்டாவது, அச்சந்தையிலே விரைவாக விலைபோனவை ஐரிஷ்காரரையும் யூதரையும் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் மனைவியரையும் மாமியாரையும் இழிவுபடுத்தும் ஆயத்தப் பகிடிகளே. 1968 இல் இனொக் பவல் நிகழ்த்திய குடியேற்ற எதிர்ப்புரையின் பின், நிறவெறி பொது அரசியலிலே துணிந்து குரலெழுப்பிக்கொண்டிருந்த காலம் அது என்பதை மறத்தலாகாது.

இவ்விடத்திலே மார்க்ஸ் காட்டிய உதாரணமொன்று நினைவிற்கொள்ளத்தக்கது. தன் பாட்டைத் தானே விற்கும் பாடகி மூலதனத்தை உற்பத்தி செய்பவளல்லள். அதே பாடகியை ஒரு முதலாளி பணமீட்டும் பொருட்டு அமர்த்தி, அதே பாட்டைப் பாடச் செய்வானாயின் அவள் மூலதனத்தை உற்பத்தி செய்யும் உழைப்பாளியாகிறாள். பாட்டு மாறவில்லை; உறவு மாறியிருக்கிறது. நகைச்சுவையாளனது நிலை இதனினும் ஒருபடி சிக்கலானது. ஆலைத் தொழிலாளி தன் உழைப்புச் சக்தியை முதலில் விற்று, பின்னரே உழைக்கிறான். முகவர்முன் நிற்கும் நகைச்சுவையாளனோ தன் உழைப்புச் சக்தி வாங்கப்படும் முன்னரே முழு உழைப்பையும் மாதிரியாகச் செலுத்திவிட வேண்டியவனாகிறான். கழகத்திலுள்ளோருக்கு அது நிகழ்ச்சி. முகவருக்கு அது பண்டத்தின் பரிசோதனை. ஒரே சொல்லாலே ஒரே வேளையில் இருவேறு அவைகளை அவன் நிறைவுசெய்ய வேண்டியுள்ளது.

கலைஞன் என்றுமே யாரையேனும் சார்ந்துதானே வாழ்ந்தான், பரிசில் வேண்டிப் பாடிய பாணனும் புலவனும் இதே நெருக்குதலை அறியாதவரா என்று கேட்கலாம். வினா நியாயமானதே. ஆயின் வேறுபாடு அடிப்படையானது. புரவலன் தானே கேட்பவன். மகிழ்ந்தால் தானே கொடுப்பவன். அவனது சுவையும் அவனது கொடையும் ஓராளிடத்தே இணைந்திருந்தன. முகவனோ தன்பொருட்டுக் கேட்பவனல்லன். எங்கோ இருக்கும், தான் கண்டிராத இலட்சக்கணக்கானோர் எதற்குச் சிரிப்பர் என்று கணக்கிடுவதற்காகக் கேட்பவன். சிரிப்பு கூட்டத்தின் எதிரொலியை வேண்டி நிற்பது என்று பேர்க்சன் தமது 1900 ஆம் ஆண்டு நூலிலே காட்டினார். முகவன் அக்கூட்டத்தினுள் அமர்ந்தும் அதனைச் சேராதவன். அவனுக்குச் சிரிப்பு வந்தாலும் அது சான்றாகாது. பக்கத்து மேசையின் சிரிப்பையே அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

3

கிரிபித்ஸின் நாடகம் இவ்வுறவையே கதையமைப்பாகக் கொண்டது. மன்செஸ்டரில் ஒரு பாடசாலையின் மாலை வகுப்பு. ஒருகாலத்திற் புகழ்பெற்ற நகைச்சுவையாளரான எடி வாட்டர்ஸ், ஆறு பேருக்கு இக்கலையைக் கற்பிக்கிறார். மாணவர்களுள் பால் விநியோகிப்பவன், காப்புறுதி முகவன், கட்டடத் தொழிலாளி, துறைமுகத் தொழிலாளி, சிறு கழகமொன்றின் சொந்தக்காரன், புகையிரதப் பகுதியின் வாகனச் சாரதி ஆகியோர் உளர். அன்றாட உழைப்பிலிருந்து விடுபட இக்கலை ஒரு வழி என்பது அவர்களது நம்பிக்கை. அன்றிரவு அவர்கள் அயலிலுள்ள கழகமொன்றிலே தோன்றவிருக்கின்றனர். இலண்டனிலிருந்து வந்துள்ள முகவன் பேர்ட் சலனர் அங்கு அமர்ந்திருப்பான். தெரிவு அவன் கையில்.

பகிடி என்பது அச்சத்தையும் பொய்யையும் அவிழ்த்து உண்மையை விடுவிக்க வேண்டும் என்பது வாட்டர்ஸின் போதனை. வெறுப்பை ஊட்டும் வாய்பாட்டுப் பகிடிகளை அவர் வகுப்பிலே கடுமையாகக் கண்டிக்கிறார். நிகழ்ச்சிக்குச் சற்று முன்னர் சலனர் வகுப்புக்கு வந்து கூறும் அறிவுரை இதற்கு நேர்மாறானது. ஆழம் வேண்டாம், மக்கள் விரும்புவதைக் கொடுங்கள், அவர்கள் தம்மை மறக்கவே வருகின்றனர் என்பது அதன் சாரம். அவன் எவரையும் மிரட்டவில்லை. எந்தப் பகிடியையும் தடைசெய்யவுமில்லை. வாங்குபவனின் விருப்பம் கட்டளையாக மாறுவதற்கு அவனது பிரசன்னமே போதுமானதாகிறது.

இரண்டாம் அங்கமே நாடகத்தின் உயிர்நிலை. பிங்கோ ஆட்டத்தின் இடைவேளையில் அறுவரும் ஒருவர்பின் ஒருவராகத் தோன்றுகின்றனர். கட்டடத் தொழிலாளியான மிக் கொனர், அந்நிய நகரிலே ஐரிஷ்காரன் படும் பாட்டைத் தன் அனுபவத்தினின்றும் சொல்கிறான். ஆசிரியரின் போதனைக்கு அவன் துரோகம் செய்யவில்லை. யூதனான சமுவெல்ஸ் தன் சமூகத்தைப் பற்றிய பகிடிகளோடு தொடங்கி, அவை எடுபடவில்லையெனக் கண்டதும் இடைநடுவிலே தடம் மாறி, ஏனைய சிறுபான்மையினரையும் பெண்களையும் சாடும் மலிவுச் சரக்குகளை இறக்குகிறான். மறி சகோதரர் இருவரும் சேர்ந்து பயின்ற நிகழ்ச்சியினிடையே பில், சலனரை எண்ணிப் பாகிஸ்தானியரைப் பற்றிய பகிடியொன்றைப் புகுத்த முனைகிறான். கெட் திகைத்து நிற்க, இருவரது நிகழ்ச்சியும் மேடையிலேயே சிதைந்துவிடுகிறது. அல்ஸ்ரர்க்காரனான மக்பிரெய்ன் தன் சொந்த நாட்டவரையும் மனைவியையும் சரளமாக விற்றுத் தீர்க்கிறான். முடிவிலே சலனரின் தெரிவைப் பெறுவோர் மக்பிரெய்னும் சமுவெல்ஸுமே.

இந்த அங்கத்தை நுணுகி நோக்குவோருக்கு ஒன்று புலனாகும். நெருக்குதல் ஒவ்வொருவர் நிகழ்ச்சியிலும் வெவ்வேறு உருவக் குலைவாகத் தோன்றுகிறது. சமுவெல்ஸிடம் அது தொனி மாற்றம்; மறி சகோதரரிடம் அது ஒருமையின் முறிவு; மக்பிரெய்னிடம் எந்த முறிவும் இல்லாத வழுவழுப்பு. இவர்கள் தீயவர்களல்லர். மக்பிரெய்ன் கப்பற்றுறையினின்றும் விடுபட விரும்புபவன். பில் காப்புறுதிப் பணத்துக்காக வீடுவீடாக அலைவதை வெறுப்பவன். தம் உழைப்பினின்று தப்புவதற்காகத் தம்போன்ற உழைப்பாளரையே கேலிப்பொருளாக்கி விற்க வேண்டிய நிலைக்கு அவர்கள் தள்ளப்படுகின்றனர். நாடகத்தின் சோகம் இதுவே.

தொல்காப்பியம் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. அவற்றுள் எள்ளலைப் பேராசிரியர், தான் பிறரை எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்படுதல் என இருபாலாக விளக்குவார். இப்பகுப்பு நமது ஆய்வுக்குப் பெரிதும் துணைபுரிவது. கொனர், தான் எள்ளப்பட்ட அனுபவத்தைத் தானே சொல்லி, எள்ளியவரைச் சிந்திக்க வைக்கிறான். மக்பிரெய்னும் தன் இனத்தைப் பற்றியே பேசுகிறான். ஆனால் எள்ளுவோரின் பக்கத்திலே நின்றுகொண்டு பேசுகிறான். பொருள் ஒன்றே; நிற்குமிடம் வேறு. முகவன் விலைகொடுப்பது பின்னையதற்கே.

இதனை ஆசிரியர் வெறுமனே கருத்தாகக் கூறாது அரங்க உத்தியாக அமைத்தமை அவரது சாதனை. இரண்டாம் அங்கத்திலே நாடகம் பார்க்க வந்தோரே தொழிலாளர் கழகத்தின் அவையோராக ஆக்கப்படுகின்றனர். சமுவெல்ஸின் இழிந்த பகிடிகளுக்கு அரங்கிலே உண்மையாகவே சிரிப்பெழக்கூடும். சிரித்தவர் மூன்றாம் அங்கத்திலே, சலனரின் தெரிவு தம் சிரிப்போடு ஒத்துப்போயிருப்பதைக் காண்பர். முற்போக்குப் பார்வையாளன் தன்னைத் தீர்ப்பாளியாக அன்றிக் கூட்டாளியாகக் கண்டுகொள்ளும் கணம் அது.

4

இறுதியிலே தோன்றும் கெதின் பிரைஸ் பற்றியே விமர்சகர் அதிகம் எழுதியுள்ளனர். ஜொனதன் பிரைஸ் இப்பாத்திரத்தை ஏற்று, பின்னர் நியூயோர்க் மேடையேற்றத்துக்காக 1977 இல் டோனி விருதும் பெற்றார். வாகனச் சாரதியான கெதின், பயின்ற நிகழ்ச்சியைக் கைவிட்டு, சுவிஸ் கோமாளி குறொக்கின் சாயலிலே சிறு வயலினோடும் மாலையுடை அணிந்த இரண்டு உருவப் பொம்மைகளோடும் ஓர் ஊமத்தனமான, வெறுப்பு நிறைந்த ஆட்டத்தை நிகழ்த்துகிறான். பொம்மைகள் செல்வந்தத் தம்பதியர். அவற்றோடு அவன் பேச முயல்கிறான். அவை மறுமொழி கூறவில்லை. பெண் பொம்மைக்கு அவன் பூவொன்றைக் குத்த, அவ்விடத்திலே இரத்தம் கசிகிறது. சிரிப்பு அனேகமாக இல்லை. சலனருக்கு இது முற்றிலும் பயனற்றது.

இதனைப் புரட்சிக் கலையின் வெற்றியாகக் கொள்வாருளர். நாம் அவ்வளவு தூரம் செல்ல மாட்டோம். வாங்குபவனுக்கு எதையும் விற்க மறுத்தமை கெதினது பெருமை. ஆனால் அம்மறுப்பிலே கழகத்திலிருந்த தொழிலாளரையும் அவன் இழந்துவிட்டான். சந்தையை நிராகரித்த வேகத்திலே சபையையும் நிராகரித்தான். மேலும் அவனது வர்க்கச் சினம் ஈற்றிலே ஒரு பெண்ணுருவின் மார்பிலே சென்று குத்துகிறது என்பதையும் கண்டும் காணாதுவிட இயலாது. வகுப்பின் மாணவர் அறுவரும் ஆண்களே. பெண் பகிடியின் பொருளாகவும் பொம்மையாகவுமே பெரிதும் இடம்பெறுகிறாள். இவ்வெல்லையை நாடகம் தானே கேள்விக்குட்படுத்தவில்லை.

வாட்டர்ஸின் மனிதாபிமானமும் முழு விடையன்று. போரின் பின் ஜெர்மனியிலே வதைமுகாமொன்றைக் கண்டதிலிருந்து தமக்குப் பகிடி வற்றிவிட்டதை மூன்றாம் அங்கத்திலே அவர் ஒப்புக்கொள்கிறார். வெறுப்புப் பகிடியின் தருக்கரீதியான முடிவு எதுவென அவர் கண்டவர். ஆதலின் அவரது எச்சரிக்கை கனமானது. ஆனால் நேர்மையான பகிடியை விலைகொடுத்து வாங்குவோர் எவருமில்லாத தொழிலமைப்பைப் பற்றி அவரிடம் சொல்ல எதுவுமில்லை. முடிவிலே, வழிதவறி அவ்வகுப்புக்கு வந்த பட்டேல் என்ற ஆசியர் ஒரு பகிடி சொல்ல, வாட்டர்ஸ் அவரை வகுப்பில் சேருமாறு அழைக்கிறார். மேடையிலே பகிடியின் பொருளாக்கப்பட்டவன் பகிடி சொல்பவனாகும் இக்காட்சி நம்பிக்கை தருவதுதான். ஆனால் அடுத்த ஆண்டும் சலனர் வருவான்.

5

இனி அமெரிக்காவை நோக்குவோம். 1972 ஆம் ஆண்டிலே ஜொனி கார்சனின் 'டுநைட் ஷோ' நியூயோர்க்கை விட்டுக் கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தது. அதே ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸின் சன்செட் வீதியிலே 'கொமெடி ஸ்டோர்' தொடங்கப்பட்டது. பின்னர் அது மிற்சி ஷோரின் பொறுப்பிலாயிற்று. இளம் நகைச்சுவையாளர் நாடெங்குமிருந்து அங்கு திரண்டனர். காரணம் வெளிப்படை. தொலைக்காட்சிக்கு ஆள் தெரிவோர் அங்கே அமர்ந்திருந்தனர். பிரெடி பிரின்ஸ் என்ற இளைஞர் 1973 டிசம்பரிலே கார்சனின் நிகழ்ச்சியில் தோன்றி, மறு ஆண்டே தொலைக்காட்சித் தொடரொன்றின் நாயகரானமை எல்லோர் கண்முன்னும் நின்ற உதாரணம். அவர் 1977 இலே, 22 வயதில் இறந்தார் என்பது அவ்வுதாரணத்தின் மறுபக்கம்.

கதவு திறக்கும் வாய்ப்பு ஓரிரு தடவைகளே கிட்டும். அதுவும் சில நிமிட அளவினது. ஆகவே ஆண்டுக்கணக்கான உழைப்பெல்லாம் தொலைக்காட்சிக்கு ஒவ்வும் ஐந்தாறு நிமிடங்களாகச் செதுக்கப்பட்டது. இடையீடு, அலைவு, மௌனம், அவையோரோடான உரையாடல் ஆகியவை குறுகின. நிகழ்ச்சி முடிந்ததும் கார்சன் தம்மருகே இருக்கைக்கு அழைக்கிறாரா இல்லையா என்பதே தீர்ப்பாயிற்று.

இந்நிலையிலே கொமெடி ஸ்டோரின் பிரதான மேடையிலே தோன்றியோருக்கு ஊதியம் இருக்கவில்லை. அது ஒரு பயிற்சிக்களம், ஒரு கல்லூரி என்பது உரிமையாளரின் வாதம். நுழைவுக் கட்டணம் அறவிடப்பட்டது, குடிவகை விற்பனையானது, பரிமாறுவோர் சம்பளம் பெற்றனர், எவரைக் காண மக்கள் வந்தனரோ அவருக்கு மாத்திரம் எதுவுமில்லை. தொழில்துறையினரின் கண்ணிற்படும் வாய்ப்பே கூலியெனக் கொள்ளப்பட்டது. நெருக்குதல் எவ்வாறு சுரண்டலின் கருவியாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. முகவனின் நாற்காலி உரிமையாளருக்குக் கூலியை மிச்சப்படுத்திக் கொடுத்தது.

1979 மார்ச் இறுதியிலே நகைச்சுவையாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ரொம் டிரீசன் முன்னின்று பேசினார். ஜே லெனோ, டேவிட் லெற்றர்மன் போன்றோரும் ஆதரித்தனர். தனியே நிற்பதையே தொழிலாகக் கொண்டோர் ஒருங்கே நின்றனர்; கலைஞன் கூலி கேட்பதா என்ற கூச்சத்தைக் கடந்தனர். மே மாதத் தொடக்கத்திலே நிகழ்ச்சியொன்றுக்கு 25 டொலர் என்ற உடன்பாடு எட்டப்பட்டது. தொகை சிறிது, அது நிலைநாட்டிய கோட்பாடு பெரிது. இதற்கு விலையும் கொடுக்கப்பட்டது. வேலைநிறுத்தத்திலே பங்குகொண்ட ஸ்டீவ் லுபெட்கின், தமக்கு அம்மேடை மறுக்கப்படுகிறது என்ற மனவேதனையோடு, அவ்வாண்டு ஜூன் மாதம் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது தகாது. ஆயினும் மேடை தருவதும் மறுப்பதும் ஒருவர் கையிலிருக்கும் அமைப்பின் கொடுமையை அம்மரணத்தோடு இணைத்தே அவரது தோழர் நினைவுகூர்ந்தனர்.

6

கெதின் பிரைஸ் தனித்துச் செய்ததை லொஸ் ஏஞ்சலிஸ் தொழிலாளர் கூடிச் செய்தனர். கிரிபித்ஸின் மாணவர் அறுவருக்குத் தோன்றாத வழி அது. சலனர் முன்னிலையில் அவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டனரேயன்றி, ஒருவராயினும் மற்றையோரை நோக்கி நாம் என்ன செய்வோம் என்று கேட்கவில்லை. மாலை வகுப்பு கலையைக் கற்பித்தது, சங்கத்தைக் கற்பிக்கவில்லை.

அதே வேளை வேலைநிறுத்தத்தின் எல்லையும் மனங்கொள்ளத்தக்கது. அது கூலியை வென்றது. தெரிவு செய்யும் அதிகாரத்தைத் தொடவில்லை. மொன்றியலில் 1983 இலே தொடங்கிய நகைச்சுவை விழா பின்னர் புதுமுகங்களைத் தொழில்துறையினருக்குக் காட்டும் பெருஞ்சந்தையாக வளர்ந்தது. தொழில்நுட்பம் மாறியிருக்கிறது; எதற்கு எல்லோரும் சிரிப்பர் என்று பிறர்பொருட்டுக் கணக்கிடுபவனின் நாற்காலி மாத்திரம் வெறுமையாகவில்லை.

முற்போக்கு விமர்சனம் இதுவரை இனவாதப் பகிடியை ஒழுக்கக்கேடாகக் கண்டித்து வந்துள்ளது. கண்டிப்பு அவசியமானது, போதுமானதன்று. அப்பகிடி எந்தச் சந்தையிலே, எவர் முன்னிலையிலே, எந்தத் தேவையின் நெருக்குதலால் தெரிவாகிறது என்று கேளாதவரை, சொல்பவனைத் தண்டித்து வாங்குபவனைத் தப்பவிட்டவராவோம்.

இறுதியாக நம்மைப் பற்றியும் ஒரு சொல். விமர்சகனும் ஒருவகையில் சிரிக்க வராத பார்வையாளனே. இளம் எழுத்தாளரின் முதற் படைப்பை நாம் கையிலெடுக்கும்போது, பரிசுக் குழுவிலோ இதழின் ஆசிரியர் குழுவிலோ அமர்ந்திருக்கும்போது, நமக்கு உவப்பான வாய்பாட்டை அவர் முன்கூட்டியே ஊகித்து எழுதியிருக்கக்கூடும் என்பதை நினைத்துப் பார்க்கிறோமா? முற்போக்கு வாய்பாடும் வாய்பாடே. கொனரைப் போல் தன் அனுபவத்தினின்று பேசியவனைத் தள்ளிவிட்டு, நம் காதுக்கினியதைச் சரளமாகச் சொன்னவனை நாமும் தெரிந்தெடுத்திருக்கலாம். சலனரின் நாற்காலியை ஆராயப் புகுந்தோர் தாம் அமர்ந்திருக்கும் நாற்காலியையும் ஒருமுறை எழுந்து பார்த்தல் கடமையாகும்.